இருப்புக்குழி

சங்குமுனையில் குழி விழுந்த காலையைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் கிளாடிஸ் வீட்டுக் கோழியில்தான் தொடங்குவார்கள். அந்தச் சிவப்புக் கோழி சமையல்கட்டில், அடுப்புக்கு எதிரே, முந்தின நாள் வரை இல்லாத ஒரு பள்ளத்தில் முட்டையிட்டுவிட்டு எழும்ப மறுத்தது. விரட்டிவிட்டுப் பார்த்தால், ஒரு மனுஷி ஈர மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுந்தால் எப்படிப் பதியுமோ அப்படி, இரண்டு தொடையும் பின்புறமும் அச்சாகத் தெரிய, நல்ல கெட்டிச் சிமெண்டுத் தரை ஒரு விரிசல்கூட விடாமல் குழிந்து கிடந்தது. "யாருக்க குழிட்டி இது?" என்று அவள் புருஷன் கேட்டான். "எனக்கதான், வேற யாரு இந்த அடுப்பு முன்னால இருக்குதா?" என்று சொல்லிக் கிளாடிஸ் அதில் உட்கார்ந்து பார்த்தாள், அளவெடுத்துத் தைத்த சட்டை போலப் பொருந்தியது. புருஷன் உட்கார்ந்து பார்த்தான், இடுப்பெலும்பு இடித்தது. அவன் குழியைத் தேடி வீடு முழுக்கப் பார்த்தார்கள், கட்டில் ஓரத்தில் கோழி முட்டை உருளாத அளவுக்கு ஒரு பள்ளம் மட்டும் இருந்தது.

மத்தியானத்துக்குள் ஊரே குனிந்து நடந்தது. பஸ் நிறுத்தத்துத் திண்டில் குழி, தண்ணீர்க் குழாயடியில் வரிசையாகப் பாதக் குழி, கோயிலில் பின்வரிசைத் தரையில் முழங்கால் குழி, முன்வரிசையில் ஒன்றும் பெரிதாக இல்லை, ஒயின்ஷாப்புக்குப் பின்னால் மனிதன் மல்லாந்து படுத்த அளவுக்கு ஒரு நீளக் குழி, அது யாருடையது என்று யாரும் தேடவே இல்லை. அவரவர் குழியில் அவரவர் மட்டுமே பொருந்தினார்கள். கொத்தனாரை வைத்துச் சிமெண்டு போட்டு அடைத்தால் மறுநாள் காலை அது அப்பளம்போல் தனியே கழன்று வந்தது. ஆளின் எடைக்கும் ஆழத்துக்கும் சம்பந்தமில்லை என்பதையும் சீக்கிரமே கண்டுபிடித்தார்கள், பாயில் கிடக்கும் கைப்பிள்ளையின் முதுகுக் குழி அதன் தாய்மாமனின் குழியைவிட ஆழமாக இருந்தது, எவ்வளவு நேரம் இருந்தாய் என்பதுதான் கணக்கு. செத்தவர்களுக்கும் குழி இருந்தது, அதில் மெழுகுதிரி கொளுத்தி வைத்தார்கள்; அவை மட்டும் மேற்கொண்டு ஆழமாவதில்லை என்று கோயில் மணியடிக்கும் கோயில்பிள்ளை ஈர்க்குச்சி வைத்து அளந்து அறிவித்தார். பெண் பார்க்க வந்தவர்கள் மாப்பிள்ளையின் படிப்பை விட்டுவிட்டு அவன் குழியைக் காட்டச் சொன்னார்கள். ரெண்டு வீட்டில் அடுத்த தெரு ஆளின் குழி இருக்கக் கண்டு பாத்திரங்கள் பறந்தன. பங்குச்சாமியார் முதல் ஞாயிறு இது சோதனை என்றார், ரெண்டாம் ஞாயிறு இது வரம் என்றார், மூன்றாம் ஞாயிறு குழியில் தேங்கும் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், கொசு வருகிறது என்றார். அதோடு ஊர் பழகிவிட்டது.

குழிகளைப் பார்த்து உண்மையிலேயே சந்தோஷப்பட்ட ஆள் அங்கயற்கண்ணி டாக்டர் ஒருத்திதான். அவள் ஊசி போடும் டாக்டர் இல்லை, வந்த புதிதில் காய்ச்சலோடு போய் நின்றவர்களிடம் அதைச் சொல்லிச் சொல்லியே அவளுக்குத் தொண்டை கட்டியது. அவள் வேலை வேறு. சங்குமுனையின் கரையில் ஒரு தலைமுறைக் காலம் ஒரு கம்பெனி கருமணலை அள்ளிச் சலித்து, தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை அங்கேயே மலைமலையாகக் கொட்டி, யாருக்கு வேண்டுமானாலும் அள்ளிக்கொள்ளுங்கள் என்று தாராளமாகச் சொல்லிவிட்டு மூடிக்கொண்டு போயிற்று. ஊர் அள்ளிக்கொண்டது. அந்த மணலில் தரை போட்டார்கள், சுவர் பூசினார்கள், கரையில் பள்ளமான இடமெல்லாம் நிரப்பினார்கள், பிறகுதான் அந்த மணலுக்குள் கதிர்வீச்சு, ஊர்ப் பேச்சில் கதிர், இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாமல் உடம்புக்குள் போய் வருஷக் கணக்கில் தன் வேலையைக் காட்டும் என்று தெரிந்தது. அரசாங்கம் ஒரு குழு போட்டது, குழு அங்கயற்கண்ணியை அனுப்பியது.

அவள் கணக்கு கேட்பதற்கு எளிமைதான். எந்த இடத்தில் எவ்வளவு கதிர் என்று அவள் கையிலிருந்த கருவி கிர்கிர்ரென்று சொல்லும். எந்த ஆள் எந்த இடத்தில் எவ்வளவு நேரம் இருக்கிறான் என்று அவள் வீடு வீடாகக் கேட்பாள். இரண்டையும் பெருக்கி, போன வருஷங்களுக்கும் வரப்போகிற வருஷங்களுக்கும் சேர்த்தால் ஒரு ஆள் வாழ்நாளில் எவ்வளவு கதிர் வாங்குவான் என்று வரும். வீட்டில் இருக்கிறவர்களுடையதைச் சேர்த்துப் பங்கிட்டு, குடும்பத்துக்கு ஒரே எண். அந்த எண் குழு போட்ட கோட்டைத் தாண்டினால் மேட்டில், செம்மண் பூமியில், அந்தக் குடும்பத்துக்கு ஒரு வீடு. தாண்டாவிட்டால் இருக்கிற இடத்திலேயே இருக்க வேண்டியதுதான். எந்திரம் பொய் சொல்லாது, மனிதர்கள்தான் எங்கே இருந்தோம் என்பதைச் சரியாகச் சொல்ல மாட்டார்கள் என்று அவள் தலையில் அடித்துக்கொண்டிருந்த நேரத்தில் குழி விழுந்தது. அவள் அளவுகோலை எடுத்துக்கொண்டு எல்லாரையும் முதலிலிருந்து மறுபடி அளக்கத் தொடங்கினாள்.

டெல்பினுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

டெல்பின் ததேயுஸின் மனைவி, ஏழாம் மாசம். அவர்கள் வீட்டுத் தரையும் கம்பெனி மணல்தான், டாக்டர் கருவியை வைத்தபோது அது அடங்காமல் கத்தியது. டெல்பினின் எண் கோட்டுக்கு மேலே இருந்தது. ஆனால் ததேயுஸின் எண் அதலபாதாளத்தில் கிடந்தது, ரெண்டையும் பங்கிட்டதில் குடும்பத்தின் எண் கோட்டுக்கு ஒரு நகக்கண் கீழே நின்றுவிட்டது. காரணம், முதல் சுற்றில் டாக்டர் கேட்ட கேள்விக்கு டெல்பினே சொன்ன பதில்.

"உங்க வீட்டுக்காரர் பகல்ல எங்க இருப்பார்?"

"கடல்ல."

"காலையில இருந்தா?"

"வெளுக்கதுக்கு முன்ன போனா அந்திக்குத்தான் வருவாரு. கடல்லதான்."

"நல்லது. தண்ணிக்கு மேல கதிர் ஒண்ணுமே கிடையாது. கடல்தான் அவரக் காப்பாத்துது" என்று சொல்லி டாக்டர் அந்த மணி நேரத்துக்கெல்லாம் சுழியம் போட்டாள். டெல்பின் தலையாட்டினாள். கடல் அவர்கள் வீட்டில் யாரைக் காப்பாற்றியது என்று அவளுக்குத்தான் தெரியும்.

சங்குமுனையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு ஆண்பிள்ளை ஏதோ காரணத்தால் கடலுக்குப் போக முடியாமல் ஆகிவிட்டால், பயமோ, கண்பார்வையோ, மனசு உடைந்ததோ, அதை யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். அவன் காலையில் கஞ்சித் தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்புவான், கரையில் போய் உட்கார்ந்திருப்பான், அந்திக்கு வள்ளங்கள் வந்ததும் கூட்டாளிகள் அவன் பங்கு மீனைக் கையில் கொடுப்பார்கள், அவன் வீட்டுக்கு வருவான். யார் கேட்டாலும், கடலுக்குப் போயிருக்கிறான். பெண்சாதியைக் கேட்டாலும் அதே, அவன் பக்கத்தில் நின்று வலை பின்னுகிறவனைக் கேட்டாலும் அதே. தரையில் இருப்பவனைத் தரையில் இருக்கிறான் என்று சொன்னால் அவன் செத்துப்போவான் என்று அந்த ஊருக்குத் தெரியும். நல்ல வழக்கம்தான். எத்தனையோ ஆண்பிள்ளைகளை அது நிமிர்ந்து நடக்க வைத்திருக்கிறது. ஆனால் கதிர்க் கணக்குப் போட ஒருத்தி வருவாள் என்று அந்த வழக்கத்தை உண்டாக்கியவர்களுக்கு எப்படித் தெரியும்?

மூன்று வருஷத்துக்கு முன்னால், கரையில் விளையாடிக்கொண்டிருந்த ஆறு வயசு ஜோபினை ஒரு அலை எடுத்துக்கொண்டு போனது. அவர்களுடைய ஒரே பிள்ளை. ததேயுஸ் அப்போது வள்ளத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான், குதித்து நீந்தி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது, உடலைக் கடல் திருப்பித் தரவே இல்லை. அதன்பிறகு ததேயுஸ் தண்ணீரில் கால் நனைக்கவில்லை, டெல்பின் கரை மணலை மிதிக்கவில்லை. அவள் தினமும் கஞ்சித் தூக்கை நிறைத்துக் கொடுத்தாள். அவன் தினமும் கடலுக்குப் போனான்.

குழி விழுந்து ஒரு மாசம் போல ஆனபோது, வலை பழுதுபார்க்க வள்ளங்கள் கரையில் நின்ற ஒரு நாள், டாக்டர் வீடுகளை முடித்துவிட்டுக் கரைக்கு வந்தாள். அங்கே ஓட்டை விழுந்து கவிழ்த்துப்போட்ட ஒரு பழைய வள்ளத்தின் நிழலில், கிழிந்த வலை ஒன்று விரித்துப் போடப்பட்டிருந்தது. கருவி அந்தப் பக்கம் திரும்பியதும் மூச்சு விடாமல் கத்தியது. டாக்டர் வலையின் ஒரு ஓரத்தைத் தூக்கி உள்ளே பார்த்தாள். ஊரிலேயே அத்தனை ஆழமான குழியை அவள் பார்த்ததில்லை.

"இது யாரோடது?" என்று மரியடிமையிடம் கேட்டாள். மரியடிமை ததேயுஸின் பெரியப்பா மகன், அவன் போய்வந்த வள்ளத்தின் சொந்தக்காரன், கரையில் அவன் சொல்தான் எடுபடும்.

"வள்ளம் கெடந்த தடம்மா அது."

"வள்ளத்துக்கு முதுகெலும்பு இருக்குமா?"

"பழைய வள்ளம்" என்றான் மரியடிமை. சுற்றி நின்ற பத்துப் பேரும் கடலைப் பார்த்தார்கள், ததேயுஸ் எப்போதோ எழுந்து தள்ளிப் போயிருந்தான்.

டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. சனிக்கிழமை சாயங்காலம் கடைசிக் கணக்கை அனுப்பிவிட வேண்டும், அதற்குள் இந்தக் குழியில் பொருந்துகிற ஆள் வந்து உட்கார்ந்து காட்டாவிட்டால் அந்த ஆளின் குடும்பம் ஆயுசுக்கும் இந்த மணலில்தான் கிடக்கும் என்று சத்தமாகவே சொன்னாள். அந்தச் சொல் கரையிலிருந்து தெருவுக்கு வந்து, தெருவிலிருந்து டெல்பினின் அடுப்படிக்கு வந்தது. வயிற்றுக்குள் பிள்ளை ஒரு உதை விட்டது.

அன்று மத்தியானமே மரியடிமை வந்தான். வாசலில் நின்றபடியே பேசினான்.

"மக்ளே, நீ ஒண்ணும் சொல்லியிராதே."

"நான் என்னத்தண்ணே சொல்லப்போறேன்?"

"அவன் ஒரு நூலுலதான் நிக்கான். நம்ம வாயால அத அறுத்திரப்பிடாது. அவன் செத்துப் பெயித்தான்னா அந்த மேட்டு வீட்ட வச்சி நீ என்ன செய்வ?"

"பிள்ள பெறந்தா இந்தத் தரையிலதானேண்ணே தவழணும்?" என்று டெல்பின் கேட்டாள். அவள் குரல் ஏறியது. "அவருக்க மானத்த நீங்க எல்லாரும் சேர்ந்து பொத்திப்பொத்தி வச்சிய. செரி, நானும்தான் பொத்தினேன். இப்பம் அது எனக்க வயித்துக்கு மேல வந்து இருக்குது. நான் என்ன செய்யட்டு?"

மரியடிமை வாசலை விட்டு இறங்கினான். அவன் நல்லவன், அதனால்தான் அவனோடு சண்டை போடவும் முடியவில்லை. போகிற போக்கில், எல்லாம் மாதா பாத்துக்கிடுவா என்று சொல்லிவிட்டுப் போனான்.

சனிக்கிழமை விடிகாலையில் டெல்பின் தூக்கில் கஞ்சியை ஊற்றி, மேலே துவையலை வைத்து மூடி, அதைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். ததேயுஸ் சட்டையை மாட்டிக்கொண்டு கையை நீட்டினான்.

"கடலுக்குப் போயிட்டு வாறேன்."

"உங்க சட்டையில உப்பு இல்ல" என்றாள் டெல்பின்.

அவன் கை நீட்டியபடியே இருந்தது.

"நான்தான தொவைக்கேன். மூணு வருசமா உப்பு இல்ல. வெறும் மணலு."

"ஊருல எல்லாரும் என்ன சொல்லுதாவ?"

"கடலுக்குப் போறியன்னு சொல்லுதாவ."

"அப்பம் அதுதான்."

"கணக்கு கோட்டத் தாண்டினா மேட்டுக்கு வாறேன்னு சொன்னிய."

"தாண்டலியே" என்று சொல்லிவிட்டு அவன் தூக்கை மெதுவாக, அவள் விரல்களை ஒவ்வொன்றாக விலக்குவது போல வாங்கிக்கொண்டு போனான். அவன் கோபப்பட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவன் கெஞ்சுகிற முகத்தோடு போனான், அந்த முகம் பகல் முழுக்க அவள் கண்ணைவிட்டு அகலவில்லை. அவள் தன் குழியில் உட்கார்ந்து பார்த்தாள், எழுந்தாள், தரையைத் தண்ணீர் விட்டுத் துடைத்தாள், இந்தக் கதிர் துடைத்தால் போகிற சாதி இல்லை என்று தெரிந்தே மறுபடி துடைத்தாள். சொன்னால் புருஷன் போய்விடுவான். சொல்லாவிட்டால் பிள்ளை.

சாயங்காலம் மீன் ஏலம் போடும் கொட்டகையில் ஊர் கூடியது. அங்கயற்கண்ணி ஒவ்வொரு குடும்பத்தின் எண்ணையும் வாசித்தாள், சில வீட்டார் மூச்சு விட்டார்கள், சில வீட்டார் தலையைக் குனிந்தார்கள். கிளாடிஸ் வீடு தாண்டியிருந்தது, அடுப்படிக் குழி தாண்ட வைத்துவிட்டது. டெல்பின் வீடு அதே நகக்கண் கீழே. கடைசியில் டாக்டர் தலையை நிமிர்த்தி, "திருத்தம் சொல்றதுக்கு யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டாள். கொட்டகைக்கு வெளியே கொஞ்ச தூரத்தில், கவிழ்ந்த வள்ளத்தின் பக்கத்தில் ததேயுஸ் உட்கார்ந்திருந்தான், கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எல்லாருக்கும் தெரியும்படி, யார் கண்ணிலும் படாமல்.

"நான் சொன்னது தப்பு" என்றாள் டெல்பின்.

கூட்டம் திரும்பியது.

"எனக்க வீட்டுக்காரரு கடல்லன்னு சொன்னேன். அவரு கடல்ல இல்ல. கடப்பொறத்துல, மணல்ல இருக்காரு."

"புள்ளத்தாச்சி, என்னமோ சொல்லுதா" என்று மரியடிமை குறுக்கே வந்தான். "டாக்டரம்மா, அவன் எனக்க வள்ளத்துலதான் வருதான், நான்தான பாக்கேன். கேட்டுப் பாருங்க யாரையும்." ஆமா ஆமா என்று நாலைந்து குரல் எழும்பியது. டெல்பின் அவர்களோடு தர்க்கம் பண்ணவில்லை. செருப்பைக் கொட்டகையில் விட்டுவிட்டு, மூன்று வருஷமாக மிதிக்காத மணலில் காலை வைத்து, வயிற்றைத் தாங்கிப் பிடித்தபடி வள்ளத்தை நோக்கி நடந்தாள். மணல் இன்னும் சூடாக இருந்தது. டாக்டர் பின்னால் வந்தாள், டாக்டருக்குப் பின்னால் ஊர் வந்தது, யாரும் முந்தவுமில்லை, பிந்தவுமில்லை.

ததேயுஸ் வலைக்குப் பக்கத்தில் வெறும் மணலில் உட்கார்ந்திருந்தான். அவளைக் கண்டதும் எழுந்து வலைக்கு முன்னால் வந்து நின்றான்.

"வேண்டாம் டெல்பினு."

"மாறுங்க. குழி உங்களுக்கதுதான். எனக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும். ஒரு மட்டம் இருந்து காட்டுங்க, போதும்."

"நான் அதுக்காவ மறைக்கல" என்றான். "சத்தியமா அதுக்காவ இல்ல."

அவள் அவனைத் தாண்டிப் போய் வலையின் ஓரத்தைப் பிடித்து, பலமெல்லாம் சேர்த்து இழுத்தாள். கிழிந்த வலை மணலைச் சொரிந்துகொண்டு விலகியது. ததேயுஸின் குழி கிடந்தது, தோளும் முதுகும் மடக்கிய காலுமாக, தச்சன் செதுக்கியது போல. அதற்குப் பக்கத்தில், ஒட்டினாற்போல, இன்னொரு குழி இருந்தது.

சின்னக் குழி. கால் நீட்டி உட்கார்ந்த ஒரு பிள்ளையின் குழி, ரெண்டு குதிகாலும் பதிந்த இடம் தனியாகத் தெரிந்தது, இடது குதிகால் கொஞ்சம் உள்வாங்கி. ஜோபின் இடது காலை அப்படித்தான் வைப்பான். செத்தவர்கள் குழி ஆழமாவதில்லை என்று அளந்து சொன்ன கோயில்பிள்ளை எட்டிப் பார்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் போனார், ஏனென்றால் அந்தச் சின்னக் குழி அப்பனின் குழியைவிட ஆழமாக இருந்தது.

டெல்பின் மெதுவாக முழங்காலிட்டாள். டாக்டர் குனிந்து, பழகிய கையால் அளவுகோலைச் சின்னக் குழிக்குள் இறக்கி, வெளியே எடுத்துப் பார்த்து, மறுபடி இறக்கினாள்.

"இவரு பகல் மட்டும்தான் இருந்திருக்கார்" என்று தாழ்ந்த குரலில் சொன்னாள். "பையன் ராத்திரியும் இங்கயேதான் இருக்கான்."

"ராத்திரியுமா?" என்று டெல்பின் கேட்டாள். ததேயுஸைப் பார்த்தாள். "தனியாவா? இருட்டுல, இந்தக் காத்துல, எனக்க பிள்ள தனியாவா கெடந்தான்? நீங்க அவன விட்டுட்டா தெனமும் வந்து சோறு தின்னிய?"

ததேயுஸ் தன் குழியின் விளிம்பில் உட்கார்ந்தான். பிறகு அதற்குள் வழுக்கி இறங்கினான், தோளும் முதுகும் ஒரு மயிரிழை இடமில்லாமல் பொருந்தின, ஊர் முழுக்கப் பார்த்தது. அவன் கை தானாகப் பக்கத்துக் குழிக்குள் போய், ஒரு தலை இருக்க வேண்டிய உயரத்தில் நின்றது.

"நான் கடலுக்குப் போறதில்ல" என்று அவன் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான். சொல்லிவிட்டு, ஊர் பயந்தது போல அவன் செத்துப்போகவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு மேலும் சொன்னான். "நான் இங்கன வந்து இருந்த மொத வாரமே வந்துட்டான் டெல்பினு. வந்து பக்கத்துல இருந்தான். ஒண்ணும் பேசமாட்டான், சும்ம இருப்பான். கஞ்சி குடிக்கும்ப சாஞ்சிக்கிடுவான். அந்திக்கு வீட்டுக்குக் கூட்டிட்டு வரணும்னு எப்பவும் நெனைப்பேன். ஆனா நான் கடலுக்கில்லா போயிருக்கேன்? கடல்லேருந்து வாறவன் எப்படிப் பிள்ளையக் கூட்டிட்டு வாறது? உனக்கிட்ட என்ன சொல்லுவேன்? ஊருகிட்ட என்ன சொல்லுவேன்? அதனால, இரு மக்ளே, வெளுக்கதுக்குள்ள வந்திருவேன்னு சொல்லிட்டு வருவேன்."

மரியடிமை தலைத்துண்டை உருவி முகத்தில் வைத்துக்கொண்டான். மூன்று வருஷமாக அத்தனை பேரும் அன்போடு சொல்லி வந்த ஒரு சொல், ஒரு பிள்ளையை ராத்திரி ராத்திரியாகக் கரையில் நிறுத்தி வைத்திருக்கிறது என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. சுற்றி நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"இப்பம் புரியுதா?" என்று ததேயுஸ் டாக்டரிடம் கேட்டான். "எனக்க எண்ணு தாண்டட்டும், தாண்டாமப் போவட்டும். இவன இங்க விட்டுட்டு நான் மேட்டுக்கு வரமாட்டேன்."

டெல்பின் கண்ணை மூடிக்கொண்டாள். அவளுக்கும் இனி அவனை வா என்று கூப்பிட வாய் வராது. உள்ளே இருக்கிற பிள்ளை, வெளியே இருக்கிற பிள்ளை, ரெண்டும் அவளுடையது.

அங்கயற்கண்ணி கருவியை எடுத்தாள். சின்னக் குழிக்குள், ஒரு பிள்ளையின் நெஞ்சு இருக்கிற உயரத்தில், பிள்ளைக்கு இடிக்காமல் பிடிப்பது போல ஓரமாகப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். கருவி கத்தியது. அவள் மனதுக்குள் எதையோ பெருக்கினாள், கூட்டினாள். அவள் இதுவரை அளந்தவர்களில் யாரையும் வேறு மாதிரி நடத்தியதில்லை, இவனையும் நடத்தவில்லை.

"பேரு என்ன?"

"ஜோபின்" என்றாள் டெல்பின்.

"வயசு?"

"ஆறு" என்றான் ததேயுஸ். கொஞ்சம் யோசித்து, "ஆறுதான்" என்றான்.

"கேளுங்க" என்று டாக்டர் இருவருக்கும் பொதுவாகச் சொன்னாள். "பகல், ராத்திரி, ஒரு நாள்கூட விடாம, ஊரிலேயே மோசமான மணல்ல உட்கார்ந்திருக்கான். அதுலயும் சின்ன உடம்பு. இந்த ஊர்ல நான் அளந்ததுலயே இவன் கணக்குதான் பெரிசு. இவனையும் சேர்த்தா உங்க குடும்பம் கோட்டத் தாண்டி எங்கயோ போயிடுது." அவள் கருவியை அணைத்தாள். "வேற யாரு இருந்தாலும் சரி, போனாலும் சரி. இவன் இனி ஒரு ராத்திரிகூட இங்க இருக்கக் கூடாது. முதல்ல நீங்க இவனத்தான் கூட்டிட்டுப் போகணும்."

ததேயுஸ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். கரையில் உட்கார்ந்தவனிடம் மூன்று வருஷமாக எல்லாரும் என்னென்னவோ சொல்லியிருக்கிறார்கள், மறந்துவிடு என்றிருக்கிறார்கள், இன்னொன்று பிறக்கும் என்றிருக்கிறார்கள். பிள்ளையைப் பிள்ளையாக வைத்து யாரும் எதுவும் சொன்னதில்லை.

"கேடா இருக்குமா அவனுக்கு?" என்று கேட்டான்.

"ரொம்பக் கேடு."

"நான் அறியாமப் போனேனே" என்று சொல்லி அவன் வாய்விட்டு அழுதான்.

அதற்குப் பிறகு யாரும் எதையும் தள்ளிப்போடவில்லை. மேட்டு வீடுகள் முன்பே கட்டித் தயாராக இருந்தன, ஒரு ராத்திரிகூட என்று டாக்டர் சொன்னதை ஊர் அப்படியே எடுத்துக்கொண்டது. கிளாடிஸ் பானை சட்டிகளைக் கட்டினாள், மரியடிமையின் ஆட்கள் கட்டிலைத் தூக்கினார்கள், ஐஸ் ஏற்ற வந்த ஒரு டெம்போவை மடக்கித் தெருமுனையில் நிறுத்தினார்கள். வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. டெல்பினைப் பெஞ்சு போட்டுப் பின்பக்கம் ஏற்றினார்கள். சாமான்களைப் பிடித்துக்கொள்ளக் கிளாடிஸும் ஏறினாள். ததேயுஸ் மட்டும் இல்லை, அவன் மறுபடி கரைக்குப் போயிருந்தான், ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

அவன் திரும்பி வந்தபோது தெரு ஒதுங்கி வழிவிட்டது. வழக்கமாக எட்டி எட்டி நடக்கிற ஆள், சின்னக் கால்களுக்கு ஈடு கொடுப்பவன் போல அடி அடியாக நடந்து வந்தான். வலது கை உடம்பை விட்டுக் கொஞ்சம் தள்ளி, தாழ்வாக, விரல்கள் பாதி மடங்கி இருந்தது. அவனுக்குப் பின்னால் மரியடிமை கரையிலிருந்து ஓட்டமாக வந்தான்.

"அங்கன மணலு நெரந்துட்டு" என்று மூச்சிரைக்கச் சொன்னான். "சின்னக் குழி இல்ல. பெயிட்டு."

டிரைவர் திரும்பி, எல்லாரும் வந்தாச்சா என்று கேட்டான். ததேயுஸ் டெம்போவின் பின்பக்கம் வந்து நின்றுகொண்டு டெல்பினைப் பார்த்தான். கிளாடிஸ் ஒன்றும் சொல்லாமல் பானைகளோடு ஓரத்துக்கு நகர்ந்தாள். டெல்பினும் நகர்ந்தாள், தன் பக்கத்தில் இடம் விட்டாள், முந்தானையால் அந்த இடத்தைத் துடைத்தாள். பிறகு குனிந்து, புருஷனின் இடுப்பு உயரத்தில் வெறுமனே இருந்த இடத்தைப் பார்த்து, மூன்று வருஷமாகத் தொண்டையில் நின்ற குரலில் சொன்னாள்.

"காலத் தட்டிட்டு ஏறு மக்ளே. மணலோட ஏறாதே."